சேருவது எளிது, விலகுவது அரிது: செல்லிடப்பேசி வாடிக்கையாளர் எந்தக் கதவைத் தட்டுவது?

- நமது நாடாளுமன்றச் செய்தியாளர் -

புதுதில்லி: மாத வாடகை 249 ரூபாய். சராசரியாக வரும் மாதக் கட்டணம் 555 ரூபாய். அகமதாபாத்தைச் சேர்ந்த அந்த வாடிக்கையாளருக்கு 2013 நவம்பர் 8 முதல் டிசம்பர் 7 வரையிலான ஒரு மாதத்துக்கு வந்த பில்லில் இருந்த தொகையோ 24,609 ரூபாய் 51 காசு.

கட்டணம் அவரது கிரெடிட் கார்டு மூலம் தானாகவே செலுத்தப்படும் ஏற்பாடு அது. நியாயம் கேட்டு அவர் 2014 மே மாதம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனு செய்தார். கேட்ட தொகை 22,000 ரூபாயும் அதற்கான வட்டியும். செல்லிடப்பேசி நிறுவனத்தின் தரப்பில் முதலில் எழுந்த வாதம், பில் சரியா தவறா என்பதைப் பற்றியதல்ல. "எங்களை விசாரிக்க இந்த மன்றத்துக்கு அதிகாரமே கிடையாது" என்பதுதான் அது. மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று படிகளிலும் அந்த ஆட்சேபம் தள்ளுபடியானது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2022 பிப்ரவரி 16-ஆம் தேதி நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், சூர்ய காந்த், விக்ரம் நாத் ஆகியோர் அடங்கிய அமர்வு, நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

மனு செய்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை காலமும் உச்ச நீதிமன்றம் வரை வாதிடப்பட்டது, வழக்கை யார் விசாரிப்பது என்பது மட்டுமே. அந்த 24,609 ரூபாய்க் கணக்கு சரியா என்ற கேள்வி அகமதாபாத்திலேயே காத்திருந்தது.

செல்லிடப்பேசி நிறுவனங்களின் மீது இந்தியர்களுக்கு உள்ள மனக்குறைகளைப் பட்டியலிட்டால் தாள் போதாது. கேட்காத சேவைக்குக் கழிக்கப்படும் பணம், பாதியில் அறுந்துபோகும் அழைப்பு, விலக விரும்பினால் நீட்டப்படும் கடைசி பில் என்று அது நீளும். அவற்றுள் விலகுவதைப் பற்றிய குறையும், முறையிடுவதற்கு இடமில்லை என்ற குறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. வாடிக்கையாளர் எளிதில் விலகிவிட முடியுமானால் நிறுவனம் அஞ்சும். எளிதில் வழக்குத் தொடுக்க முடியுமானாலும் அஞ்சும். இந்தியாவில் 2011 வரை முதலாவது இல்லை. 2009 முதல் 2022 வரை இரண்டாவது ஐயத்துக்குரியதாகவே இருந்தது.

மூன்று கதவுகள், மூன்று பூட்டுகள்

2009 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் இருந்து தொடங்க வேண்டும். கேரளத்தில் கட்டணம் செலுத்தாததால் ஒருவரின் தொலைபேசி துண்டிக்கப்பட்டது. அவர் கோழிக்கோடு நுகர்வோர் மன்றத்தை அணுகினார். இணைப்பை மீண்டும் அளிக்கவும், 5,000 ரூபாய் இழப்பீடு வழங்கவும் மன்றம் உத்தரவிட்டது. தொலைபேசித் துறை மேல்முறையீடு செய்தது. இந்தியத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவு இத்தகைய தகராறுகளை நடுவர் மூலம் தீர்க்க வேண்டும் என்கிறது, சிறப்புச் சட்டம் பொதுச் சட்டத்தை வெல்லும், ஆகவே நுகர்வோர் மன்றத்துக்கு இதில் இடமில்லை என்று நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு தலைமையிலான அமர்வு முடிவு செய்தது.

தந்திச் சட்டம் 1885-ஆம் ஆண்டினது. 7பி பிரிவு 1957-இல் சேர்க்கப்பட்டது. நடுவரை மத்திய அரசு நியமிக்கும். அவர் அளிக்கும் முடிவை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. தொலைபேசி என்றாலே அரசுத் துறை என்றிருந்த காலத்தில், தந்தி அதிகாரிக்கும் சந்தாதாரருக்கும் இடையிலான சச்சரவுக்காக எழுதப்பட்ட பிரிவு அது. செல்லிடப்பேசி நிறுவனங்கள் அதைத் தங்கள் கேடயமாக எடுத்துக்கொண்டன. நாடெங்கும் நுகர்வோர் மன்றங்களில் இந்தத் தீர்ப்பின் நகல் நீட்டப்பட்டது. மனுக்கள் திரும்பின.

சரி, நுகர்வோர் மன்றம் இல்லையென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகலாமே என்று தோன்றும். 1997-இல் அமைக்கப்பட்ட டிராய் அமைப்புக்குத் தனிநபர் புகார்களை விசாரித்துத் தீர்ப்புக் கூறும் அதிகாரம் சட்டத்திலேயே இல்லை. வருகிற புகாரை உரிய நிறுவனத்துக்கு அனுப்பி வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் உருவான டிடிசாட் தீர்ப்பாயம் இருக்கிறதே என்றால், அது நுகர்வோர் 'குழு' கொண்டுவரும் தகராறுகளைத்தான் விசாரிக்கும். தனி நுகர்வோரின் புகார் நுகர்வோர் மன்றத்துக்கு உரியது என்று டிராய் சட்டத்தின் 14-ஆவது பிரிவே அவரைத் திருப்பி அனுப்புகிறது. நுகர்வோர் மன்றமோ உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டித் திருப்பி அனுப்பியது. ஒரு வாடிக்கையாளரை இதைவிட நேர்த்தியாக அலைக்கழிக்கத் திட்டமிட்டாலும் முடியாது. எவரும் திட்டமிடாமலேயே அது நடந்தது.

7பி பிரிவு தனியார் நிறுவனங்களுக்குப் பொருந்தாது, ஏனெனில் தந்தி அதிகாரியின் அதிகாரங்கள் அவற்றுக்கு வழங்கப்படவில்லை என்று தொலைத்தொடர்புத் துறையே 2014 ஜனவரியில் விளக்கம் அளித்தது. அதன் பிறகும் நிறுவனங்கள் அந்த வாதத்தைக் கைவிடவில்லை. அகமதாபாத் வழக்கே அதற்குச் சான்று.

சந்தை வளர்ந்த விதம்

1995 ஜூலை 31-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசிய நாளில் தொடங்கியது இந்தியச் செல்லிடப்பேசியின் கதை. அன்று வருகிற அழைப்புக்கும் பணம் கட்ட வேண்டும். 2003-இல்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. தயாநிதி மாறன் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது, 2006 மார்ச் 1 முதல் நிமிடத்துக்கு ஒரு ரூபாயில் நாட்டின் எந்த மூலைக்கும் பேசலாம் என்ற திட்டத்தை பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்கள் அறிமுகப்படுத்தியது தமிழக வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கட்டணம் குறையக் குறைய நிபந்தனைகள் பெருகின. 2005 இறுதியில் 999 ரூபாய்க்கு 'வாழ்நாள் இணைப்பு' என்ற விளம்பரங்கள் வந்தன. யாருடைய வாழ்நாள் என்று கேட்டவர்களுக்கு டிராய் 2006-இல் விடையளித்தது: நிறுவனத்தின் உரிமம், அது புதுப்பிக்கப்பட்டால் அந்தக் காலமும் சேர்த்து, எவ்வளவு நாள் உள்ளதோ அவ்வளவு நாள். ஆண்டுகள் பல உருண்டன. 2018 பிற்பகுதியில், மாதந்தோறும் குறைந்தபட்ச ரீசார்ஜ் செய்யாவிட்டால் இணைப்பே நிற்கும் என்று பெரிய நிறுவனங்கள் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கின. கணக்கில் போதிய இருப்பு உள்ளவர்களைத் துண்டிக்கக் கூடாது என்று அந்த ஆண்டு நவம்பரில் டிராய் தலையிட வேண்டியதாயிற்று. ஆனாலும் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்பது நிலைத்துவிட்டது.

இந்தியாவில் பத்தில் ஒன்பது இணைப்புகள் பிரீபெய்டு வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவில் இரண்டாண்டு ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம் என்று அங்குள்ளோர் பல காலம் கொதித்தார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லையே என்று பிரீபெய்டு வாடிக்கையாளர் ஆறுதல் கொள்ளலாம். அவருக்கு வேறு கணக்கு. 'மாதத் திட்டம்' என்று அவர் கருதுவது 28 நாள்களில் முடிந்துவிடும். ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை அவர் ரீசார்ஜ் செய்கிறார். இதுபற்றிப் புகார்கள் குவிந்த பிறகு, 30 நாள் திட்டம் ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றுமாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரி 27-ஆம் தேதி உத்தரவிட்டது. நிறுவனங்கள் அவ்வாறே பெயருக்கு அறிமுகப்படுத்தின. 28 நாள் திட்டங்கள் கடை வாசலில் முன்வரிசையிலேயே நின்றன.

இணையமே வேண்டாம், பேசினால் போதும் என்போர் நிலை இன்னும் பரிதாபம். அவர்கள் இணையத்துக்கும் சேர்த்தே பணம் கட்டி வந்தனர். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ஒரு சிறப்புத் திட்டமாவது கட்டாயம் அளிக்கப்பட வேண்டும், அதன் காலவரம்பு 365 நாள் வரை இருக்கலாம் என்று 2024 டிசம்பர் 23-ஆம் தேதிதான் விதி திருத்தப்பட்டது.

எண்ணோடு வெளியேறும் உரிமை

போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர்களுக்கு உண்மையான விடுதலை, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதியால் வந்தது. 2010 நவம்பர் 25-ஆம் தேதி ஹரியாணாவில் அது தொடங்கியது. நாடாளுமன்றத்தின் அந்தக் குளிர்காலக் கூட்டத்தொடர், அலைக்கற்றை ஒதுக்கீடு குறித்துக் கூட்டுக்குழு விசாரணை கேட்டு எதிர்க்கட்சிகள் எழுப்பிய முழக்கத்தில் ஏறக்குறைய முழுவதும் முடங்கியது. அலைக்கற்றையைப் பற்றி நாடே பேசிய அந்த வாரங்களில், அதே அலைக்கற்றையைப் பயன்படுத்தும் சாமானியருக்குக் கிடைத்த இந்த உரிமையைப் பற்றி அவையில் யாரும் ஒரு சொல் பேசக் கேட்டதாக இந்தச் செய்தியாளருக்கு நினைவில்லை. 2011 ஜனவரி 20-ஆம் தேதி பிரதமர் மன்மோகன் சிங் நாடு முழுமைக்கும் இதைத் தொடங்கி வைத்தார். மாநிலம் கடந்தும் அதே எண்ணைக் கொண்டுசெல்லும் வசதி 2015 ஜூலையில் வந்தது.

ஆனால், விதிகளில் ஒரு வரி இருக்கிறது. சந்தாதாரர் ஒப்பந்தத்தில் விலகல் நிபந்தனை இருந்து, அதை வாடிக்கையாளர் நிறைவேற்றாமல் இருந்தால், எண்ணை மாற்றும் கோரிக்கையைப் பழைய நிறுவனம் நிராகரிக்கலாம் என்பதுதான் அது. 2009-ஆம் ஆண்டின் மூல விதியிலும் அது உண்டு. 2019 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்திலும் உண்டு. இப்போது வேறுபாடு, முன்பு விண்ணப்பித்த பிறகு நிராகரிப்பார்கள், இன்று நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால்தான் போர்ட்டிங் குறியீட்டு எண்ணே கிடைக்கும். நிலுவைத் தொகை இருந்தாலும் கிடைக்காது. சேர்ந்து 90 நாள் ஆகாவிட்டாலும் கிடைக்காது.

அந்த வரியின் பொருளை இந்தச் செய்தியாளர் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டது 2011-இல். சலுகை விலையில் ஒரு கருவியோடு வந்த போஸ்ட்பெய்டு இணைப்பு. வேறு நிறுவனத்துக்கு மாற விண்ணப்பித்தபோது 'ஒப்பந்தக் கடப்பாடு நிலுவையில் உள்ளது' என்று கோரிக்கை திரும்பியது. ராமகிருஷ்ணபுரத்தில் இருந்த அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் விண்ணப்பப் படிவத்தின் நகலை எடுத்துக் காட்டினார்கள். கையொப்பம் என்னுடையதுதான். பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி இருந்தால் வாசிக்கத்தக்க ஆங்கிலத்தில், பன்னிரண்டு மாதங்களுக்கு முன் விலகினால் மீதி மாதங்களுக்கான வாடகையைச் செலுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. கையெழுத்து வாங்கிய இளைஞர் அதைச் சொன்னாரா என்று கேட்டதற்கு, "சார், நீங்கள் படித்தவர்தானே?" என்றார் மையத்தில் இருந்தவர். பத்திரிகையாளனிடம் கேட்கக் கூடாத கேள்வி. கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்தது, வாதாட நேரமில்லை. பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தேன்.

கட்டியிருக்க வேண்டுமா என்பது வேறு விஷயம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருப்பதாலேயே அது முழுவதையும் வசூலித்துவிட முடியாது. அந்தத் தொகைக்கு மேற்படாத 'நியாயமான இழப்பீடு' மட்டுமே கிடைக்கும். கருவிக்குக் கொடுத்த சலுகையைத் திரும்பக் கேட்பது ஒன்று. அளிக்கவே போகாத சேவைக்கு ஆறு மாத வாடகை கேட்பது முற்றிலும் வேறு. ஆனால் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்காக 74-ஆவது பிரிவை எடுத்துக்கொண்டு வழக்குமன்றத்துக்கு யார் போவார்? நிறுவனங்களின் கணக்கும் அதுவே.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. வாடிக்கையாளர் ஒரு திட்டத்தில் சேர்ந்தால், ஆறு மாதங்களுக்கு அவருக்குப் பாதகமாகக் கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது டிராயின் விதி. அதற்குப் பின் உயர்த்தலாம். அதாவது, நிறுவனத்தின் வாக்குறுதி ஆறு மாதம், வாடிக்கையாளரின் வாக்குறுதி பன்னிரண்டு மாதம். கட்டணத்தை நிர்ணயிப்பதிலும் டிராய் தலையிடுவதில்லை, அதைச் சந்தையிடமே விட்டிருக்கிறது. 2024 ஜூலை முதல் வாரத்தில் மூன்று தனியார் நிறுவனங்களும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தியபோது அரசு அளித்த விளக்கமும் இதுவே. பலர் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினர். மாறுவதற்கு ஓர் இடம் இருந்ததால் மாறினர்.

நிறுவனமே விலகிச் சென்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழகம் 2018 பிப்ரவரியில் கண்டது. ஏர்செல் கோபுரங்கள் திடீரென ஓய்ந்தன. போர்ட்டிங் குறியீட்டு எண்ணைப் பெற 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். சிக்னல் இல்லாதபோது எப்படி அனுப்புவது? சேவை மையங்களின் முன் கூட்டம் திரண்டது. வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு என எல்லாவற்றுக்கும் கொடுத்திருந்த எண் அது. எண்ணை மீட்டவர்களும் பழைய கணக்கில் இருந்த இருப்பைப் புதிய நிறுவனத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. விதிப்படி அது உடன்வராது. முன்கூட்டியே விலகிய நிறுவனத்துக்கு அபராதம் எதுவும் விண்ணப்பப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

அவையில் நடந்தவை

செல்லிடப்பேசித் தொல்லை மேலிடத்தை எட்டினால்தான் வேலை நடக்கும் என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி உண்டு. 2010 ஆகஸ்டில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி, விலைவாசி உயர்வு தொடர்பாக எதிர்க்கட்சித் தலைவர்களுடன் பேசிக்கொண்டிருந்தபோது அவருக்கு அழைப்பு வந்தது. அவசரச் செய்தி என்று எடுத்தால், கடன் வேண்டுமா என்று கேட்டது மறுமுனை. அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் ஆ. ராசா உடனே நடவடிக்கைக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் விளம்பர அழைப்புகளுக்கு எதிரான விதிகள் வெளியாயின. நிதியமைச்சருக்கு 24,000 ரூபாய் பில் ஒன்றும் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அப்போது மத்திய மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்கலாம்.

சட்டமியற்றும் நாள்களில் வாடிக்கையாளருக்கு அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்பு மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது 2019 ஆகஸ்ட் 6-ஆம் தேதி. அன்று நாடே மக்களவையில் நடந்த ஜம்மு காஷ்மீர் விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. 'சேவை' என்பதன் விளக்கத்தில் தொலைத்தொடர்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட சட்டம் அது. பழைய 1986 சட்டத்தில் அந்தச் சொல் இல்லையே, ஆகவே தொலைபேசி அதில் அடங்காது என்று நிறுவனம் பின்னர் வாதிட்டபோது, பழைய விளக்கமே எல்லாச் சேவைகளையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறிவிட்டது.

தந்திச் சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட தொலைத்தொடர்பு மசோதா 2023 டிசம்பர் 18-ஆம் தேதி அறிமுகமானது. 20-ஆம் தேதி மக்களவையிலும், 21-ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. டிசம்பர் 13-ஆம் தேதி மக்களவைக்குள் நடந்த அத்துமீறல் குறித்து விளக்கம் கேட்ட எதிர்க்கட்சி உறுப்பினர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் இரு அவைகளிலும் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த வாரம் அது. 138 ஆண்டுப் பழைமையான சட்டத்துக்கு மாற்று, பாதி காலியான அவையில் நான்கே நாள்களில் உருவாயிற்று. செய்தியாளர் மாடத்திலிருந்து பார்த்தபோது, காலி இருக்கைகள்தான் முதலில் கண்ணில் பட்டன.

அந்தச் சட்டத்தில் பயனாளருக்குச் சாதகமானவையும் இருக்கின்றன என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. நிறுவனங்கள் இணையவழிக் குறைதீர் வசதி வைத்திருக்க வேண்டும். மத்திய அரசு இணையவழித் தகராறு தீர்வு முறை ஒன்றை ஏற்படுத்தும், எல்லா நிறுவனங்களும் அதில் பங்கேற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிவாரணம் பெறும் உரிமையை அது பாதிக்காது என்று 30-ஆவது பிரிவே கூறுகிறது. 2009-இல் பூட்டிய கதவை நீதிமன்றம் 2022-இல் திறந்தது, நாடாளுமன்றம் 2023-இல் அதற்கு முட்டுக் கொடுத்தது என்று சொல்லலாம். 2018-ஆம் ஆண்டின் தேசிய எண்ம தகவல்தொடர்புக் கொள்கையில் வாக்களிக்கப்பட்ட தொலைத்தொடர்புக் குறைதீர்ப்பாளர் மட்டும் இந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

எங்கே போவது?

இன்றைய நிலையில் வழி இதுதான். முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டுப் பெற வேண்டும். தீர்வு திருப்தியளிக்கவில்லை என்றால் 30 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம். 39 நாள்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2012-ஆம் ஆண்டின் விதி. அவரும் அந்த நிறுவனத்தின் அமைப்பில் உள்ளவரே என்பதால், இந்தக் கட்டத்தில் எழுத்துப்பூர்வமான ஆவணங்களைச் சேர்த்துக்கொள்வதே பெரும்பயன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ தில்லியிலோ இருப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

ஆனால், தவறான பில் என்பதைத் தாண்டி, விலகல் அபராத நிபந்தனையே நியாயமற்றது, அதைச் செல்லாது என அறிவிக்க வேண்டும் என்று கேட்க விரும்புபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2019 சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற புதிய கருத்தைக் கொண்டுவந்தது. ஒப்பந்த மீறலால் ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம் விதிப்பது அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளது. அத்தகைய நிபந்தனையைச் செல்லாததாக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும் மட்டுமே வழங்கப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. 1,500 ரூபாய் அபராதத்தை எதிர்க்கும் தென்காசிக்காரரோ தருமபுரிக்காரரோ மாநில ஆணையத்தின் படியேற வேண்டும். 2019 ஆகஸ்ட் 6-ஆம் தேதி மாநிலங்களவையில் அந்தப் பிரிவு வாசிக்கப்பட்டுக் குரல் வாக்கெடுப்பில் கடந்துபோனது.